இலையைத் தின்னும் அந்தும் குருத்தைத் துளைக்கும் வண்டும்

மாரி மழை ஓய்ந்த பின் கிட்டங்கிக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைத் தரை கிடக்கும். வெள்ளத்தோடு வந்த களை பாலத்தின் தூண்களிலே செருகி நிற்கும். தோணி தள்ள முடியாது. வீச்சுவலை போட இடமிருக்காது. கல்முனைப் பக்கமிருந்து நாவிதன்வெளி, சவளக்கடைப் பக்கத்து வயல்களுக்குப் போகிறவர்கள் நீர் வடிய வழியில்லாமல் வீதியில் ஏறுவதைப் பார்த்துக் கவலைப்படுவார்கள். சாய்ந்தமருதுத் தோணாவும் அட்டாளைச்சேனையின் கோணாவத்தை ஆறும் இதே கதியைக் கண்டவைதான்.

இந்தப் பச்சை விரிப்பில் இரண்டு செடிகள் கலந்து கிடக்கும். ஊதாப் பூப் பூப்பது ஆற்றுவாழை. பூவே பூக்காமல், மடித்த சிறு இலைகளோடு ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடப்பது சல்வீனியா. நம்மூர்ப் பேச்சில் அதற்குச் சல்பீனியா என்றும் பெயர். இக்கட்டுரை பெரும்பாலும் சல்வீனியாவைப் பற்றியது. சரியாகச் சொன்னால், சல்வீனியாவைத் தின்று வாழும் இரண்டு சிறு பூச்சிகளைப் பற்றியது. ஒன்று அந்துப்பூச்சி, மற்றது வண்டு.

இதை எழுதத் தூண்டியவர் ஒரு வயற்காரக் காக்கா. வடிச்சல் வாய்க்காலிலிருந்து ஒரு பிடி சல்வீனியாவை அள்ளி எடுத்து என் கையில் வைத்தார். இலைகளில் ஓட்டை. இரண்டு இலைகளை நூலால் ஒட்டி அதற்குள் ஒரு பச்சைப் புழு படுத்திருந்தது. “தம்பி, இதுதானே அரசாங்கம் கொண்டுவந்து விட்ட பூச்சி? இலையெல்லாம் ஓட்டையாக் கிடக்கு. இனி மருந்தடிக்கத் தேவையில்லத்தானே?” என்று கேட்டார். இல்லை என்றேன். இலங்கைக்குக் கொண்டுவந்து விட்டது புழுவல்ல, கறுப்பு வண்டு ஒன்று. அது கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம் என்றேன். அவர் நம்பவில்லை. ஓட்டை கண்முன் தெரிகிறது, வண்டைக் காணவில்லை, பிறகு எப்படி நம்புவது? அவர் கேட்டது நியாயம்தான். விஞ்ஞானிகளுக்கே இந்த வித்தியாசம் விளங்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

செடி வந்த வழி

சல்வீனியா நமது மண்ணுக்குரியதல்ல. அதன் சொந்த இடம் பிறேசிலின் தென்கிழக்குப் பகுதி. 1939இல் கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பிரிவுக்கு, படிப்புக்காக, இந்தச் செடி கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து எப்படியோ வெளியே தப்பியது. 1950களின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 22,000 ஏக்கர் நெல்வயலிலும் 2,000 ஏக்கர் நீர்வழிகளிலும் பரவிவிட்டது. மருந்து தெளித்து ஒழிக்கும் திட்டமொன்றும் அந்தக் காலத்தில் நடந்தது. ஒழியவில்லை.

ஏன் ஒழியவில்லை என்பதை அதன் உடலமைப்பைப் பார்த்தால் விளங்கிக்கொள்ளலாம். இது பன்னத்தின் இனம். பூவும் இல்லை, விதையும் இல்லை. வித்துகளும் மலடு. நீரின் மட்டத்தில் கிடையாக ஓடும் ஒரு தண்டு இருக்கிறது. அதன் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலை மிதக்கும்; மூன்றாவது இலை வேர்போல மாறி நீருக்குள் தொங்கும். கணுக்கள்தோறும் குருத்து இருக்கிறது. தண்டு எங்கே உடைந்தாலும் உடைந்த துண்டு தனிச் செடியாகிவிடும். தோணித் துடுப்பு உடைத்தாலும், எருமை மிதித்தாலும், நாம் மண்வெட்டியால் இழுத்தாலும் செடி பெருகும். நல்ல வெயிலும் பசளைச் சத்தும் உள்ள நீரில் சில நாட்களிலேயே இரட்டிப்பாகும். சம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் இடையிலுள்ள கரிபா நீர்த்தேக்கத்தில் 1959இல் முதன்முதல் கண்ட சல்வீனியா, 1962இல் ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றரை மூடியது. பழைய விரிப்பின் மேல் புதிய விரிப்பு ஏறி, சில இடங்களில் முழங்கால் உயரத்துக்கும் மேலே தடித்துவிடும். கீழே வெளிச்சமில்லை, ஒட்சிசன் குறைகிறது, மீன் சாகிறது. போதாததற்கு, யானைக்கால் நோயைக் காவக்கூடிய மன்சோனியா நுளம்பின் குடம்பிகள் இப்படியான மிதக்கும் செடிகளின் வேரிலே குத்திக்கொண்டுதான் மூச்சு விடுகின்றன.

கடல் நீர் ஏறும் இடத்தில் மட்டும் இது தோற்றுவிடும். உப்பு அதற்கு ஆகாது. முகத்துவாரம் வெட்டிவிட்டதும் களை வெளுத்துப் போவதைக் கரையோர மீனவர் கண்டிருப்பார்கள். ஆனால் வயலுக்கும் குளத்துக்கும் உப்பு விட முடியாதே.

பெயரில் வந்த பிழை

ஒரு செடி வேற்று நாட்டிலே அடங்காமல் பெருகுகிறதென்றால், சொந்த நாட்டில் அதை அடக்கி வைத்த பூச்சியைத் தேடுவது உயிரியல் கட்டுப்பாட்டின் வழி. 1960களில் அப்படித்தான் தேடினார்கள். அப்பொழுது இந்தச் செடிக்குச் சல்வீனியா ஓரிகுலாற்றா என்று பெயர் சொல்லப்பட்டது. ஆகவே அந்தப் பெயருள்ள செடி வளரும் திரினிடாட், கயானா பக்கம் போய்ப் பார்த்தார்கள். மூன்று பூச்சிகள் அகப்பட்டன: ஒரு வெட்டுக்கிளி, ஓர் அந்து, ஒரு கூன்வண்டு. வெட்டுக்கிளியை 1970களில் இலங்கையிலும் விட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. வண்டை ஆபிரிக்காவிலும் பீஜியிலும் விட்டார்கள், களை அடங்கவில்லை.

1972இல்தான் மிச்சல் என்ற ஆய்வாளர், உலகமெங்கும் தொல்லை தரும் செடி ஓரிகுலாற்றா அல்ல, வேறோர் இனம் என்று காட்டி, அதற்குச் சல்வீனியா மொலஸ்டா என்று பெயர் வைத்தார். பெயர் மாறினால் தேடும் ஊரும் மாற வேண்டும். 1978இல் அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வெண்டி ஃபோர்னோ என்ற பெண் விஞ்ஞானி, தென்கிழக்குப் பிறேசிலில் இச்செடியின் சொந்த இடத்தைக் கண்டுபிடித்தார். அங்கேயும் ஒரு கூன்வண்டு இருந்தது. பார்வைக்குத் திரினிடாட் வண்டைப் போலவே இருந்ததால் அதே இனம் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

அந்தின் வாழ்வு

முதலில் அந்தைப் பார்ப்போம். அதன் பெயர் சமியா மல்டிபிளிகாலிஸ். சிறகை விரித்தால் ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர். மங்கிய மண்ணிறமும் மஞ்சளும் கலந்தது. பெண் அந்து இலையின் மேற்பரப்பிலுள்ள மயிர்களுக்கிடையே தனித்தனியாக முட்டை இடும். பொரிக்கும் புழு நூல் நூற்று இலைகளைச் சேர்த்துக் கட்டி, அந்தக் கூட்டுக்குள் மறைந்திருந்து இலையைத் தின்னும். உடல் பெருக்கப் பெருக்கப் பசியும் பெருகும். வளர்ந்த புழு இலையை ஓட்டையாக்கி, சில வேளை குருத்தையும் கடித்துவிடும். ஆறு கிழமைக்குள் முட்டையிலிருந்து அந்துவரை எல்லாம் முடிந்துவிடும். அந்தின் ஆயுள் சில நாட்கள்தான்.

ஆனால் பறக்கும். நன்றாகப் பறக்கும். 1981இல் குயின்ஸ்லாந்தில் விட்டபோது, விடாத நீர்நிலைகளிலும் தானாகப் போய்ச் சேர்ந்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் நம்பிக்கை. இலைகள் மண்ணிறமாகிச் சல்லடையாகின. பிறகு? செடி அடியிலிருந்து மறுபடி துளிர்த்தது. புழுவை அவ்வூர்க் குளவிகளும் நோய்க் கிருமிகளும் பிடித்துக்கொண்டன. அந்து நிலைத்துவிட்டது, களையும் நிலைத்துவிட்டது.

இன்னொரு குறையும் அதற்கு உண்டு. சமியா சல்வீனியாவை மாத்திரம் தின்பதல்ல. நீர்க்கோவாவையும் அசோலாவையும் தின்னும். அசோலா என்பது வயலில் தழைச்சத்து சேர்ப்பதற்காக வளர்க்கப்படும் சிறு நீர்ப்பன்னம். நெல் நாட்டில் அதைத் தின்னும் பூச்சியை வலிந்து கொண்டுவருவதற்கு யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

காக்கா என் கையில் வைத்த புழு இந்தச் சமியா அல்ல. ஆசிய நாடுகளின் நீர்நிலைகளில் நெடுங்காலமாகவே வாழும் நீர் அந்துக்கள் வேறு பல உண்டு. நெல்லின் இலையை வெட்டிக் குழலாகச் சுருட்டி, அதற்குள் இருந்துகொண்டு நீரில் மிதக்கும் புழுவை வயற்காரர் எல்லோருக்கும் தெரியும். அதுவும் இந்தக் குடும்பந்தான். அவற்றில் சில சல்வீனியாவையும் கடிக்கும். கடித்துவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

வண்டின் வாழ்வு

இனி வண்டு. சிற்றோபாகஸ் சல்வீனியே என்பது அதன் பெயர். நீளம் இரண்டு மில்லிமீற்றர். அரிசி மூட்டையில் ஓடும் சிறு மூக்கு வண்டைவிடச் சிறியது. புதிதாக வெளிவரும்போது மண்ணிறமாக இருந்து, சில நாளில் கறுத்துப்போகும். வயிற்றுப் பக்கத்தில் ஒரு மெல்லிய காற்றுப் படலத்தைப் பிடித்து வைத்திருப்பதால் நீருக்குள்ளும் மூச்சு முட்டாமல் இருக்கும். பகலில் இலைக்கு அடியிலும், குருத்து மடிப்பிலும், வேர்த் தொங்கலிலும் பதுங்கிக் கிடக்கும். இதனால்தான் பார்த்தவர் கண்ணுக்கு அது படுவதில்லை.

அது விரும்பித் தின்பது இளங்குருத்து. குருத்தைக் கொறித்துக் குழி செய்து, பெண் வண்டு அதற்குள் ஒவ்வொன்றாக முட்டை இடும். பத்து நாளளவில் பொரிக்கும் வெள்ளைப் புழு முதலில் குருத்தைத் தின்று, பின் கிடைத் தண்டுக்குள் புகுந்து துளைத்துக்கொண்டே போகும். மூன்று நான்கு கிழமை அதற்கு அந்தச் சுரங்க வாழ்வு. பிறகு நீருக்குள்ளே வேர் மயிர்களால் கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகி, இரண்டு கிழமையளவில் வண்டாக வெளியே வரும். வந்த வண்டு சில மாதங்கள் உயிரோடிருந்து, நூற்றுக்கணக்கில் முட்டை இடும்.

வெளியே வண்டு குருத்தைத் தின்கிறது. உள்ளே அதன் புழு தண்டைத் தின்கிறது. புதிய துளிர் விடுவதற்கு இடமே இல்லாமல் போகிறது. தண்டு பழுதாகி, செடி மண்ணிறமாகி, அழுகி, கடைசியில் நீருக்குள் அமிழ்ந்துவிடும். ஒரு சதுர மீற்றருக்குள் இருநூறு, முந்நூறு வண்டுகள் சேர்ந்துவிட்டால் அந்த விரிப்புத் தப்பாது.

இதைத் தென்னையைக் கொண்டு சொன்னால் நமது கரையோரத்தவருக்கு உடனே விளங்கும். கருந்தலைப் புழு ஓர் அந்தின் புழு. அது பிடித்தால் ஓலை கருகித் தோப்பே நெருப்பு வைத்ததுபோல் தெரியும், காய் குறையும். ஆனால் பெரும்பாலான மரங்கள் அடுத்த ஓலையை விட்டுத் தேறிவிடும். சிவப்புக் கூன்வண்டு அப்படியல்ல. வெளியே ஒன்றும் தெரியாது. புழு உள்ளே குருத்துக்குப் போய்விட்டால், ஒரு நாள் கொண்டை சாய்ந்துவிடும், மரம் முடிந்தது. தென்னந்தோப்பில் நாம் பயப்படுகிற அதே வித்தைதான் சல்வீனியாவில் நமக்கு உதவுகிறது.

அந்து என்றால் இலை, வண்டு என்றால் குருத்து என்று யாரும் எழுதிவைத்துவிட வேண்டாம். நெல்லின் மஞ்சள் தண்டு துளைப்பான் ஓர் அந்துதான். அதன் புழு உள்ளே புகுந்து வெண்கதிராக்குவதை அறியாதவர் இல்லை. வண்டுக்குள்ளும் வேறுபாடு உண்டு. திரினிடாட்டில் பிடித்த வண்டு பெரும்பாலும் இலையையே தின்பது, அதன் புழு தண்டுக்குள் சுரங்கம் போடுவதில்லை என்று பின்னர் கண்டார்கள். ஒரே அச்சில் வார்த்தது போன்ற இரண்டு வண்டுகளில் ஒன்று களையை அழித்தது, மற்றது அதனோடு கூடி வாழ்ந்தது. 1985இல்தான் பிறேசில் வண்டு தனி இனம் என்று பிரித்துப் பெயரிட்டார்கள். அதற்கு ஐந்து ஆண்டுக்கு முன்பே, பெயரில்லாமலே, அது தன் வேலையைச் செய்து காட்டிவிட்டது.

இரண்டு நாடுகளில் நடந்தது

1980 ஜூனில் குயின்ஸ்லாந்தின் மவுண்ட் ஐசா நகருக்கருகே முண்டாரா என்ற நீர்த்தேக்கத்தில் இந்த வண்டை விட்டார்கள். ஏறத்தாழ 200 ஹெக்டேயர், அதாவது 500 ஏக்கர் நீர்ப்பரப்பு களையால் மூடியிருந்தது. மருந்துக்கு அடங்காத அந்த விரிப்பு, அடுத்த ஆண்டு முடிவதற்குள் வண்டுக்கு அடங்கியது.

பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கே ஆற்றை அண்டிய ஏரிகளில் 250 சதுர கிலோமீற்றர் அளவு களை படர்ந்திருந்தது. ஆற்று மக்களுக்கு வள்ளந்தான் வழி. மீனுக்கும் போக முடியாது, சவ்வரிசி எடுக்கும் சாகோ மரக் காட்டுக்கும் போக முடியாது, நோயாளியை ஆசுப்பத்திரிக்கும் கொண்டுபோக முடியாது. சிலர் ஊரையே விட்டுப் போனார்கள். 1982இல் வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு பெருகவில்லை.

காரணம் செடியில் இருந்தது. அந்த நீரில் நைதரசன் குறைவு. சத்தில்லாத குருத்தைத் தின்ற வண்டு போதிய முட்டை இடவில்லை. விஞ்ஞானிகள் செய்தது நமது விவசாயிகளுக்குச் சிரிப்பாக இருக்கும்: களைக்கு யூரியா போட்டார்கள்! வேலி கட்டிய சிறு இடங்களில் யூரியா தெளித்து, செடியைக் கொழுக்க வைத்து, அதில் வண்டைப் பெருக்கினார்கள். வண்டு ஒரு தொகைக்கு மேல் பெருகிய பின் யூரியா தேவைப்படவில்லை. கடிபட்ட செடிகளில் மிஞ்சிய குருத்துகளிலேயே சத்துக் கூடியது. மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் ஏரிகளின் பெரும்பகுதி திறந்துவிட்டது. இப்பணிக்காக அந்த அவுஸ்திரேலிய நிறுவனத்துக்கு யுனெஸ்கோவின் விஞ்ஞானப் பரிசு 1985இல் கிடைத்தது.

இந்தியாவுக்கு வண்டு 1980களின் தொடக்கத்தில் வந்தது. முதலில் பெங்களூரில் ஒரு குளத்தில் விட்டு, பிறகு கேரளாவின் குட்டநாட்டு வாய்க்கால்களுக்குக் கொண்டுபோனார்கள். குட்டநாடு நமது பக்கத்தைப் போன்ற தாழ்நில நெற்பூமி. அங்கும் அடங்கியது.

இலங்கைக்கு 1986இல் கொண்டுவரப்பட்டது. விட்ட பல இடங்களில் சில ஆண்டுகளுக்குள் பலன் தெரிந்தது. இத்திட்டத்தின் செலவையும் வரவையும் டோல்மன் என்ற பொருளியலாளர் 1989இல் கணக்குப் பார்த்தார். போட்ட ஒரு ரூபாவுக்கு 53 ரூபா வரவு என்பது அவர் கண்ட கணக்கு. உழைப்பு நேரத்தில் பார்த்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 1,678 மணித்தியாலம். களையை இடுப்பளவு நீரில் நின்று இழுத்தவர்களுக்கு அந்த இரண்டாவது எண்ணின் அருமை சொல்லாமலே தெரியும்.

அப்படியென்றால் ஏன் இன்னும் களை?

இதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். வண்டு வந்து இத்தனை ஆண்டாகியும் தோணா ஏன் மூடியது, வடிச்சல் ஏன் அடைத்தது?

முதலாவது, வண்டு களையை வேரோடு ஒழிப்பதில்லை. ஒழித்தால் அதற்குத் தீனி ஏது? சல்வீனியா அன்றி வேறெதிலும் அது வாழாது. நெல்லையோ மரக்கறியையோ தொடாது. களை குறைந்தால் வண்டும் குறையும். மூலை முடுக்கில் ஒதுங்கிய சில செடிகள் மறுபடி பெருகும். பின்னாலே வண்டும் பெருகும். களை முந்துவதற்கும் வண்டு எட்டிப் பிடிப்பதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் நாம் பொறுமை இழக்கிறோம்.

இரண்டாவது, நமது நீர்நிலைகள் அடங்கிக் கிடக்கும் ஏரிகளல்ல. சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து கல்லோயா வாய்க்கால்கள் வழியே சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளுக்கு நீர் வருகிறது, வயலிலிருந்து வடிச்சலுக்கு இறங்குகிறது, களியோடைக்கும் களப்புக்கும் போகிறது. பெரும்போகம் முடிந்து வயல் காயும்போது களையோடு வண்டும் காய்ந்துவிடும். மாரி வெள்ளம் களையைக் கடலுக்குத் தள்ளும்போது வண்டும் போய்விடும். அடுத்த மழைக்கு, எங்கோ ஒரு குழியில் தப்பிய ஒரு துண்டுச் செடி வண்டில்லாத நீரில் தனியாகப் பெருகுகிறது. அந்தாக இருந்தால் இரவோடிரவாகப் பறந்து தேடிப் பிடித்திருக்கும். வண்டு பறப்பது அரிது. செடியிலிருந்து செடிக்கு ஊர்ந்து, மிதந்து போகும் செடியோடு மிதந்துதான் பரவும். அந்துக்கு இருந்த ஒரே பெரிய கெட்டித்தனம் வண்டிடம் இல்லை. அந்தக் குறையை மனிதன்தான் நிரப்ப வேண்டும்.

மூன்றாவது, நாமே செய்யும் கெடுதி. மண்ணிறமாகிக் கிடக்கும் விரிப்பைப் பார்த்து, “இதுதான் பழுத்துப் போச்சு, முதலில் இதை அள்ளுவோம்” என்று கரையில் போட்டுவிடுகிறோம். உண்மையில் அந்த மண்ணிற விரிப்புத்தான் வண்டுப் பண்ணை. பச்சையாகக் கிடப்பதை அள்ளி, மண்ணிறத்தை விட்டுவைக்க வேண்டும். களைநாசினி தெளிப்பதிலும் இதே பிழைதான். செடி ஒரேயடியாகச் செத்தால் குருத்துக்குள் இருக்கும் புழுவும் சாகும். தப்பிய துண்டுகள் வண்டில்லாமல் மறுபடி முளைக்கும்.

பாலத்தை அடைத்தால், மதகை மூடினால் அள்ளத்தான் வேண்டும். வெள்ளம் வீட்டுக்குள் வரும்போது வண்டுக்காகக் காத்திருக்கும்படி யாரும் சொல்ல முடியாது. சிரமதானமாகவோ இயந்திரம் கொண்டோ அள்ளும்போது, நீரோட்டம் படாத ஒரு மூலையில் கொஞ்சத்தை விட்டு, மிதந்து போகாமல் ஒரு கயிறோ மூங்கிலோ கட்டி வைத்தால் போதும்.

கண்டுபிடிப்பது எப்படி

ஐந்தாறு செடிகளை எடுத்து ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து, குருத்தை விரித்துப் பாருங்கள். இலை நடுவில் ஓட்டை, நூல் கட்டு, பச்சைப் புழு கண்டால் அது அந்தின் வேலை. குருத்துக் கறுத்து, கொறித்து, புது இலை விரியாமல் நின்றால் வண்டின் வேலை. கிடைத் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே குடைந்த வழியும், அதில் மில்லிமீற்றர் அளவு வெள்ளைப் புழுவும் தெரியும். செடியை வாளி நீரில் அமுக்கி வைத்தால் வண்டுகள் கொஞ்ச நேரத்தில் மேலே ஏறி வரும். கறுப்பு எள் நடப்பதுபோல் இருக்கும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தால் பெரியவர்களைவிடக் கெதியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் கண் அப்படி.

ஆற்றுவாழைக்கும் இதே கதைதான், ஆட்கள் வேறு. இலங்கைக்கு 1988இல் கொண்டுவரப்பட்ட நியோகெற்றினா என்ற கூன்வண்டு சற்றுப் பெரியது, நாலைந்து மில்லிமீற்றர். இரவில் வெளிவந்து இலையின் மேல்தோலைச் சிறு சிறு சதுரமாகச் சுரண்டும். இலையில் அம்மைத் தழும்புபோல் புள்ளிகள் கண்டால் அது இருக்கிறது என்று கொள்ளலாம். அதன் புழுவும் காம்பைத் துளைத்து அடிக்குருத்துக்கு இறங்கும். ஆற்றுவாழைக்கென்றும் ஓர் அந்து உண்டு. நிபோகிராப்டா என்ற அதனை 1977இல் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் விட்டார்கள். வேகமாகப் பரவி, குமிழ்க் காம்புள்ள இளஞ்செடிகளைத் தின்றது. உயரமாக வளர்ந்த முதிர்செடியில் அதற்கு வேலையில்லை. இந்த வண்டு சல்வீனியா வண்டைவிட மெதுவானது. ஆற்றுவாழை அடங்கச் சில ஆண்டுகள் எடுக்கும். இரண்டு களையும் கலந்து கிடக்கும் நீரில், ஒன்று குறைய மற்றது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஆகவே எந்தச் செடி, எந்த வண்டு என்று பிரித்துப் பார்த்துத்தான் வேலை தொடங்க வேண்டும்.

வண்டைக் கொண்டுபோகச் செலவில்லை. மண்ணிறமான செடியை ஈரச் சாக்கில் தளர்வாகக் கட்டி, வெயில் படாமல், அன்றைக்கே கொண்டுபோய்ப் புதிய விரிப்பின் நடுவிலே கொட்ட வேண்டும். ஓரத்தில் போட்டால் காய்ந்துவிடும். ஒரு சாக்கு, இரண்டு சாக்கு போதாது. பல சாக்காக ஒரே இடத்தில் குவிப்பது நல்லது. ஏற்கெனவே சல்வீனியா உள்ள நீருக்கு மாத்திரமே கொண்டுபோக வேண்டும். களை இல்லாத குளத்துக்கு ஓர் இலைகூடப் போகக் கூடாது. சாக்கையும் அங்கே அலம்பக் கூடாது. தொடங்குமுன் உங்கள் விவசாயப் போதனாசிரியருக்கு ஒரு சொல் சொல்லி, வட்டவிதானையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மதகு எப்போது திறக்கும், வாய்க்கால் எப்போது காயும் என்பது அவருக்குத்தான் தெரியும். நீர் இறங்குவதற்கு இரண்டு நாளைக்கு முன் வண்டை விட்டு ஒரு பயனுமில்லை.

அந்தக் காக்காவின் வாய்க்காலில் வண்டு இருக்கவில்லை. வடிச்சலின் கீழ்ப்பக்கம், நீர் தேங்கும் ஒரு குழியில் இருந்தது. அங்கே செடி பாதி மண்ணிறம். வாளியில் அமுக்கி வைத்துக் காட்டினோம். கறுப்புப் புள்ளி ஒன்று இலைமேல் ஏறியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “இத்தனூண்டா?” என்றார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, வீட்டிலிருந்து உரச் சாக்கு நாலு எடுத்து வரச் சொன்னார்.